கீலவேயா எரிமலை: குழந்தையோடும் மாமியாரோடும் போகலாமா? லாவா தெரியுமா?

தேன்சிட்டு:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஹவாய் பெரிய தீவுக்குப் போகிறோம். நான், கணவர், ஆறு வயது மகன், என் மாமியார். மூன்று இரவு தங்கல். லாவா பீய்ச்சியடிக்கும் வீடியோ ஒன்றைப் பார்த்ததிலிருந்து கணவருக்கு வேறு பேச்சே இல்லை, அதற்காகவே டிக்கெட் போட்டார். தீவின் மேற்குக் கரையிலுள்ள கோனாவில் கடற்கரை நன்றாக இருக்கிறது, மூன்று இரவும் அங்கேயே இருந்துகொண்டு ஒருநாள் எரிமலைக்குப் போய்வரலாம் என்கிறார்.

என் கவலை வேறு. மாமியாருக்கு முழங்கால் வலி. மகனுக்கு எப்போதாவது வீசிங் வரும். இவர்களைக் கூட்டிப் போகலாமா? நாங்கள் போகும் நாளில் பொங்குமா என்று முன்னாலேயே தெரியுமா? பொங்கவில்லை என்றால் மலையைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவில் பார்க்க ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் கருங்கல் காடுதானா?

நெடுவழி:
தங்கச்சி, முதல் வேலையா அந்த கோனா புக்கிங்க கேன்சல் பண்ணுங்க. கோனாவிலிருந்து பூங்கா வாசல் 150 கிலோமீட்டருக்கு மேல. போக ரெண்டு, ரெண்டரை மணி நேரம், வர அதே அளவு. லாவா பார்க்கிற நேரம் ராத்திரியும் விடியக்காலையும். நடுராத்திரி தூக்கக் கலக்கத்தோட மழையில வளைஞ்சு வளைஞ்சு போற ரோட்டுல குழந்தையை வெச்சுக்கிட்டு ஓட்டப் போறீங்களா?

கிழக்குப் பக்கம் இருக்கிற ஹீலோ ஊரிலிருந்து 45 கிலோமீட்டர்தான். அதைவிட நல்லது பூங்கா வாசலை ஒட்டியே இருக்கிற வால்கேனோ கிராமம். பள்ளத்தின் விளிம்பிலேயே வால்கேனோ ஹவுஸ்னு ஒரு ஹோட்டலும் உண்டு, ரேட் கொஞ்சம் கடிக்கும். பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும். ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பொங்க ஆரம்பிச்சா எழுந்து போய்ப் பார்க்க முடியணும். கோனாவில் இருந்தா அது நடக்காது.

பாறைப்பித்தன்:
பொங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போதைய வெடிப்பு 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கியது. கீலவேயாவின் உச்சியில் இருக்கும் ஹலேமாவுமாவு பள்ளத்துக்குள்தான் எல்லாம் நடக்கிறது. முன்பு 1983 முதல் 2018 வரை இதே மலையின் பூவூஓஓ என்ற இன்னொரு வாய்ப் பக்கம் கிட்டத்தட்ட 35 ஆண்டு இடைவிடாமல் லாவா வந்துகொண்டிருந்தது. அப்போது போனவர்கள் ஏறக்குறைய எந்த நாளிலும் ஏதாவது பார்த்தார்கள். இப்போது கதை அப்படியில்லை. விட்டு விட்டு வருகிறது. ஒரு பொங்கல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும், சில தடவை சில மணி நேரம்தான். பிறகு பல நாள், சில சமயம் இரண்டு வாரத்துக்கும் மேல் அமைதி. ஆனால் பொங்கினால் சாதாரணமாக இல்லை. 2025-இல் 300 மீட்டருக்கு மேல் லாவா எழுந்த தடவைகள் உண்டு.

கணிக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். ஒவ்வொரு பொங்கலுக்கும் நடுவில் கீழேயிருந்து மாக்மா (நிலத்தடியில் உருகிய பாறைக்குழம்பு) வந்து நிரம்ப நிரம்ப மலையின் உச்சி லேசாக உப்புகிறது. அந்த உப்பலால் தரை சாயும் அளவைக் கருவிகள் பதிவு செய்கின்றன. பொங்கியதும் சாய்வு சட்டென்று இறங்கும், மறுபடி மெல்ல ஏறும். இந்த ஏற்றத்தை வைத்து ஹவாய் எரிமலை ஆய்வகம் (1912-இல் தொடங்கியது) அடுத்தது எந்த நாளிலிருந்து எந்த நாளுக்குள் வரலாம் என்று ஒரு வீச்சு சொல்கிறது. பொங்குவதற்கு முன்னால் துளையிலிருந்து லாவா சிறிது சிறிதாக வழிந்து உள்ளே போகும், மறுபடி வழியும். அது மணிக்கணக்கிலும் நடக்கலாம், நாள்கணக்கிலும் இழுக்கலாம். அடுப்பில் பாலை வைத்துக் காத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம், பொங்கும் என்பது உறுதி, திரும்பிப் பார்க்கும் நொடியில்தான் பொங்கும்.

ஆய்வகம் தினமும் அறிக்கை போடுகிறது, நேரலைக் கேமராக்கள் இருக்கின்றன. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து அதைப் பாருங்கள். டிராவல் ஏஜென்ட் சொல்வதையோ யூடியூப் தலைப்புகளையோ நம்ப வேண்டாம்.

கடலோடி:
சுருக்கமா சொன்னா லாட்டரி. நான் போனப்ப வெறும் புகைதான். அவ்வளவு செலவு பண்ணி ஒரு குழியை எட்டிப் பார்த்துட்டு வந்தேன். பொங்கலைன்னா போறதே தண்டம். உங்க வீட்டுக்காரரை எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கச் சொல்லுங்க.

அறுபதுக்குப்பின்:
கடலோடி தம்பி, நீங்கள் காரிலிருந்து இறங்கி ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பீர்கள் போலிருக்கிறது. கோபப்பட வேண்டாம். நான் போனபோதும் பொங்கவில்லை. ஆனாலும் நாள் போதவில்லை.

கீலவேயா இக்கி என்று உச்சிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பள்ளம் இருக்கிறது. 1959 நவம்பர், டிசம்பரில் அங்கே லாவா 580 மீட்டர் உயரம் வரை எழுந்தது. இப்போதைய பொங்கல்களைக் காட்டும் வீடியோக்களைப் பார்த்து வாய் பிளக்கிறோமே, அதைவிட உயரம். அந்த லாவா பள்ளத்துக்குள் ஏரியாகத் தேங்கியது. மேலே ஓடு கட்டிக்கொண்டது, ஆனால் உள்ளே இறுகி முடிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த ஏரியின் மேல்தான் இன்று நடைபாதை. மழைக்காட்டுக்குள் மரப்பெரணிகளுக்கு நடுவே சுமார் 120 மீட்டர் இறங்க வேண்டும். இறங்கி முடித்ததும் காடு சட்டென்று நின்றுவிடும், கண்ணுக்கு எட்டிய தூரம் கறுப்புத் தரை. வெடித்து நிமிர்ந்த பாளங்கள், இடுக்குகளில் மழைத்தண்ணீர் சூடேறி ஆவியாக வரும். அந்த இடுக்குகளில்தான் ஓஹியா மரக்கன்றுகள் சிவப்பாகப் பூத்து நிற்கும். லாவாவில் முதலில் வந்து குடியேறும் மரங்களில் அதுவும் ஒன்று. ஐந்தரை கிலோமீட்டர் போலச் சுற்று. கிளம்பும் முன் பூட்ஸ் அடியைத் துடைக்கப் பிரஷ் வைத்திருக்கிறார்கள். ஓஹியாவைக் கொல்லும் ஒரு பூஞ்சை மண்ணோடு பரவுகிறது, அதைத் தடுக்கத்தான். அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள்.

உங்கள் மாமியாரை அந்த இறக்கத்தில் கூட்டிப் போக வேண்டாம். மேலே விளிம்பில் ஒரு பார்வையிடம் இருக்கிறது, அங்கே நின்றால் கீழே நடப்பவர்கள் எறும்பு வரிசையாகத் தெரிவார்கள். பள்ளத்தின் அளவு அப்போதுதான் உறைக்கும்.

தேன்சிட்டு:
ஐயா, மிக்க நன்றி. இதை அப்படியே வாட்ஸ்அப்பில் கணவருக்கு அனுப்பிவிட்டேன். மாமியாருக்கு ஏற்ற மாதிரி வேறு என்ன இருக்கிறது?

நெடுவழி:
நிறைய. நீராவித் துளைகள் பார்க்கிங்கிலிருந்து நாலு எட்டு. உவேகஹுனா பார்வையிடம், கீலவேயா பார்வையிடம் ரெண்டும் வண்டியை விட்டு இறங்கினா கிட்டத்தட்ட வந்தாச்சு. கேயானாகாகோயி பார்வையிடத்துக்கு டெவஸ்டேஷன் பார்க்கிங்கிலிருந்து 1.6 கிலோமீட்டர் நடக்கணும், ஆனா அது பழைய தார் ரோடு, மேடு பள்ளம் அதிகமில்லை, மெதுவா போகலாம். பொங்குற நாள்ல அந்த பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிடும். விடியறதுக்கு முன்னாடி போனா இடம் கிடைக்கும், கூட்டமும் கம்மி.

நாஹுகுன்னு லாவா குகை ஒண்ணு இருக்கு. லாவா ஓடி வடிஞ்சு போன குழாய், உள்ளே நின்னு நடக்கலாம். உங்க பையனுக்கு அதுதான் பிடிக்கப் போகுது. ஏறி வர படிக்கட்டு உண்டு, மாமியார் முழங்காலைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

அடுத்த நாள் செயின் ஆஃப் க்ரேட்டர்ஸ் ரோடு. 30 கிலோமீட்டர், உச்சியிலிருந்து கடல் மட்டம் வரைக்கும் 1,100 மீட்டர் இறக்கம். முழுக்க வண்டியிலேயே. வழியெல்லாம் எந்தெந்த வருஷத்து லாவான்னு பலகை வெச்சிருப்பாங்க. கடைசியில ஹோலே கடல் வளைவு, கறுப்புப் பாறையைக் கடல் குடைஞ்சு வாசல் மாதிரி ஆக்கியிருக்கு. அதுக்கு மேல ரோடே இல்லை, லாவா மூடிடுச்சு. நேனேன்னு ஒரு வாத்து இனம் ரோட்டைக் குறுக்கே கடக்கும், அந்த மாநிலத்துப் பறவை அது. சாப்பாடு போடாதீங்க, மெதுவா ஓட்டுங்க.

மருதநிலா:
அதே சாலையில் பூவு லோவா என்ற இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாவாப் பாறையில் 23,000-க்கும் மேற்பட்ட செதுக்கல்கள். மனித உருவம், வட்டம், கோடு எல்லாம் உண்டு, ஆனால் பெரும்பாலானவை சின்னக் குழிகள். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை அந்தக் குழியில் வைத்தால் ஆயுசு கெட்டி என்று அந்த ஊர்க் குடும்பங்கள் நம்பின. நான் மற்ற எல்லாவற்றையும்விட அங்கேதான் அதிக நேரம் நின்றேன். பொங்கும் மலையைத் தேடி வந்த எல்லோரும் அதைத் தாண்டிக் காரில் பறந்துகொண்டிருந்தார்கள்.

கடலோடி:
சரி, நான் சொன்னதைக் கொஞ்சம் மாத்திக்கறேன், மத்த இடங்களும் இருக்கு. ஆனா ஒண்ணு. பார்வையிடங்கள்ல இருந்து படம் எடுத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் வரும். கம்பியைத் தாண்டி ஒரு பத்தடி போனா செம ஆங்கிள். நிறைய பேர் போறாங்க, ரேஞ்சர் எப்பவும் இருக்கிறதில்லை. ஹவாய் எரிமலை சாது, மத்த எரிமலை மாதிரி வெடிக்காது.

பாறைப்பித்தன்:
இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஹவாய் லாவா இளகியது, வாயு எளிதாக வெளியேறிவிடும், அதனால் பெரும்பாலும் வழிந்தோடுகிறது என்பது சரி. "வெடிக்காது" என்பது சரியில்லை. 1924 மே மாதம் ஹலேமாவுமாவிலிருந்த லாவா வடிந்து கீழிறங்கியது. காலியான குழாய்ப் பக்கம் நிலத்தடி நீர் நீராவியாகி வெடித்தது, டன் கணக்கான பாறைகளைத் தூக்கி வீசியது. பக்கத்தில் போன ஒருவர் இறந்தார். 1790-இல் நடந்த வெடிப்பில் அந்த வழியே போய்க்கொண்டிருந்த படையின் ஒரு பகுதியே மடிந்தது. 2018-இல் தீவின் கிழக்குப் பக்கம் லாவா வெளியேறி 700 வீடுகளுக்கு மேல் அழிந்தன. அதே சமயத்தில் உச்சியின் அடிப்பக்கம் காலியாகிப் பள்ளம் 62 தடவை சரிந்தது. சரிவு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 அளவுள்ள நிலநடுக்கத்துக்குச் சமம். விளிம்புச் சாலையின் ஒரு துண்டு உள்ளே போய்விட்டது. பூங்காவின் பெரும்பகுதியை மே முதல் செப்டம்பர் வரை மூடி வைத்தார்கள். அன்று ஆடிய விளிம்பில் தெரிந்தும் தெரியாமலும் விரிசல்கள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் சொல்லும் "பத்தடி" அதன் மேல்தான்.

2019 மே மாதம் ஒருவர் கம்பியைத் தாண்டி ஏறினார். விளிம்பு இடிந்தது. 300 அடிச் சரிவில் 70 அடி கீழே சிக்கி, உயிரோடு மீட்கப்பட்டார். அவருக்கு அதிர்ஷ்டம். அவரை எடுக்க அந்த இருட்டில் கயிறு கட்டி இறங்கியவர்களை யோசித்துப் பாருங்கள்.

கடலோடி:
அண்ணே, விழுந்தவர் லாவாவில விழலையே, பாறைச் சரிவுலதானே. எங்கயும் நடக்கும்.

பாறைப்பித்தன்:
எங்கேயும் நடக்கும் என்பதால்தான் எல்லா இடத்திலும் கம்பி போடுகிறார்கள். லாவாவால் சாகிறவர்கள் குறைவு. வாயு, சரிவு, சூடான நீராவி, மேலேயிருந்து விழும் கல், இவைதான் ஆளைக் கொல்லும். நியூசிலாந்தின் வாகாரி எரிமலைத் தீவில் 2019 டிசம்பர் 9 அன்று நடந்ததும் நீராவி வெடிப்புதான். அப்போது தீவில் 47 பேர். இறந்தவர்கள் 22. லாவா ஒரு சொட்டு ஓடவில்லை.

மருதநிலா:
அந்தக் கம்பிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஹவாய் மக்களுக்கு ஹலேமாவுமாவு பெலே தெய்வம் குடியிருக்கும் வீடு. அவர்கள் அங்கே வந்து பாட்டுப் பாடி, ஆடி வணங்குவதை இன்றும் பார்க்கலாம். நம் ஊர்க் கருவறைக்குள் ஒருவர் "செம ஆங்கிள்" என்று ஏறினால் நமக்கு எப்படி இருக்கும்? ட்ரோனும் அப்படித்தான், தேசியப் பூங்காவில் பறக்கவிடவே தடை.

தேன்சிட்டு:
என் கணவர் ட்ரோன் வாங்கலாமா என்று போன வாரம்தான் கேட்டார்! இதையும் அனுப்பிவிடுகிறேன். மகன் விஷயத்துக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லையே?

மருதநிலா:
என் மகளுக்கும் அதே தொந்தரவு, அதனால் இதைப் பற்றி நிறையத் தேடினேன். எரிமலை கந்தக டை ஆக்சைடு வாயுவைக் கக்குகிறது. அது காற்றிலும் ஈரத்திலும் வெயிலிலும் மாறி ஒரு மங்கலான மூட்டமாகிறது, அங்கே எல்லோரும் அதை வோக் என்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. சாதாரண முகக்கவசம் வாயுவை நிறுத்தாது.

முதலில் மகனின் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள், இன்ஹேலரைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். பூங்காவுக்குள் எந்த இடத்தில் வாயு எவ்வளவு என்று நிறம் போட்டுக் காட்டும் பக்கம் பூங்கா இணையதளத்தில் இருக்கிறது, காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீராவித் துளைகளுக்குப் பக்கத்திலேயே கந்தகக் கரை இருக்கிறது, அழுகிய முட்டை வாடை வரும். மகனை அங்கே கூட்டிப் போகாதீர்கள். வாசனை தூக்கலாக வந்தால் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றி, வெளிக்காற்று வராதபடி ஏசியை மாற்றிவிட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

பாறைப்பித்தன்:
இதோடு ஒன்று சேர்க்கிறேன், கோனா ஆசைக்கும் இது பதில். அங்கே பெரும்பாலான நாள் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். புகை தென்மேற்கே போய், தீவைச் சுற்றிக்கொண்டு கோனா பக்கம் தேங்கும். எரிமலைக்குப் பக்கத்தில் காற்று சுத்தமாக இருக்க, அவ்வளவு தூரத்திலுள்ள கோனாவில் மூட்டமாக இருப்பது சாதாரணம். காற்று திசை மாறினால்தான் வால்கேனோ கிராமமும் ஹீலோவும் மாட்டும். ஆக, தூரமாகத் தங்கினால் பையனுக்கு நல்லது என்ற கணக்கு இங்கே எடுபடாது.

பொங்கும் நாளில் வேறொன்றும் வரும். லாவா உயரமாக எழும்போது நுரைக்கல்லும், பெலேயின் கூந்தல் என்று சொல்லும் மெல்லிய கண்ணாடி இழைகளும் காற்றோடு வந்து பார்வையிடங்கள் மேலேயே விழும். தலைமுடிபோலப் பொன்னிறமாக அழகாக இருக்கும், தொட்டால் கையில் ஏறும், கண்ணில் பட்டால் உறுத்தி எடுத்துவிடும். கண்ணாடி, தொப்பி, முழுக்கைச் சட்டை போடுங்கள். பையன் அதைப் பொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 டிசம்பரில் ஒரு பொங்கல் ஆய்வகத்தின் நேரலைக் கேமரா ஒன்றையே கல்மாரியில் புதைத்துவிட்டது.

அறுபதுக்குப்பின்:
குழந்தை என்றதும் ஒன்று. இருட்டில் கூட்டம் முண்டும் விளிம்பில் ஆறு வயதுப் பிள்ளையின் கையை விடவே கூடாது. 2024 கிறிஸ்துமஸ் அன்று ஒரு சின்னக் குழந்தை குடும்பத்தைவிட்டு 400 அடிச் செங்குத்தை நோக்கி ஓடியது. ஓரடி தூரத்தில் தாய் பிடித்துவிட்டார். பூங்கா நிர்வாகமே இதைச் சொல்லி எச்சரித்தது. ஒரு பெரியவர் பிள்ளைக்கு மட்டும், இன்னொருவர் படம் எடுக்க, என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வெட்டர், மழைக்கோட்டு மறக்க வேண்டாம். ஹவாய் என்றதும் அரை டிராயரோடு வந்து 1,200 மீட்டர் உயரத்தில் நடுங்குகிறவர்களை அங்கே எந்த இரவிலும் பார்க்கலாம்.

கடலோடி:
சரி சரி, கம்பி விஷயத்துல எல்லாரும் சேர்ந்து என்னை மொத்தியாச்சு. ஒரு சின்னக் கல்லாவது ஞாபகத்துக்கு எடுத்துட்டு வரலாமா, இல்லை அதுக்கும் கேஸா?

நெடுவழி:
அதுக்கும் கேஸ்தான் தம்பி. தேசியப் பூங்காவிலிருந்து கல், மணல் எதையும் எடுக்கக் கூடாதுன்னு சட்டம். எடுத்துட்டுப் போனவங்க அப்புறம் வீட்டுல கெட்டது நடந்துச்சு, பெலே கோபம்னு மன்னிப்புக் கடிதத்தோட பார்சல்ல திருப்பி அனுப்புறாங்க. பூங்கா ஆளுங்களுக்கு அது வேற தலைவலி, எந்த இடத்துக் கல்லுன்னு தெரியாம திரும்பப் போடவும் முடியாது.

தேன்சிட்டு:
கோனா ரத்து. வால்கேனோ கிராமத்தில் இரண்டு இரவு, கடைசி இரவு ஹீலோ. முதல் நாள் விளிம்புப் பார்வையிடங்கள், நாஹுகு. இரண்டாம் நாள் விடியலில் கணவர் மட்டும் கீலவேயா இக்கி இறங்குவார், நாங்கள் மேலே. மதியத்துக்குமேல் கடல் வரை சாலை, பூவு லோவா. எந்த இரவு பொங்கினாலும் மற்றதை விட்டுவிட்டுப் பள்ளத்துக்கு ஓடுவோம். மாமியார் கேட்டுவிட்டு "பொங்கலைன்னாலும் அந்தத் தொப்புள்கொடிக் கல்லை எனக்குக் காட்டிடு" என்கிறார்.

கடைசியாக இரண்டு கேள்வி. நுழைவுக் கட்டணம் எப்படி? ஆய்வக அறிக்கையில் போடும் நேரம் எந்த ஊர் நேரம்?

நெடுவழி:
வண்டிக்கு 30 டாலர், ஏழு நாளைக்குச் செல்லும். ரசீதைத் தொலைக்காதீங்க, தினமும் அதைக் காட்டித்தான் உள்ளே போகணும். நோட்டு வாங்க மாட்டாங்க, கார்டு வேணும். கடல் வரைக்கும் இறங்குற ரோட்டுல பெட்ரோல், சாப்பாடு, தண்ணி எதுவும் கிடைக்காது. டேங்க்கை நிரப்பிட்டு, தண்ணி பாட்டில் எடுத்துட்டு இறங்குங்க.

பாறைப்பித்தன்:
ஹவாய் நேரம். கிரீனிச்சைவிட 10 மணி நேரம் பின்னால், கோடைக்கால நேர மாற்றம் அங்கே கிடையாது. கேமராவில் இருட்டாகத் தெரிந்தால் பழுது என்று நினைக்காதீர்கள், அங்கே ராத்திரியாக இருக்கும்.